அண்ணியின் இரண்டாவது வரி

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிச் சான்றிதழோடு நின்றுபோனது. அச்சகத்தில் முதலாளியம்மா முதல் வாசலில் காகிதக் கட்டு இறக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவன் நோண்டி. அந்தப் பெயரை வைத்தது அவனுடைய அண்ணி. கல்யாணமாகி வந்த புதிதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கொழுந்தனைப் பார்த்து, "இது என்ன, சும்மாவே இருக்காதா? எந்நேரமும் நோண்டிக்கிட்டே இருக்கு" என்றாள். கடிகாரம் அதற்குப் பிறகு ஓடவில்லை. பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை, பிறவி அப்படி. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கை எதையாவது திருகும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதை எல்லோருக்கும் தெரியும். இவன் ஊதுவதோடு விடமாட்டான், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சங்கை உடைத்தும் பார்ப்பான். இவனுடைய கைக்குப் பயந்து மனைவி திருப்புளியைச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். அவன் அதைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல் டப்பாவின் மூடியையும் சரிசெய்து கொடுத்தான். அன்றிலிருந்து அந்த மூடியை அவனைத் தவிர யாராலும் திறக்க முடியவில்லை.

இப்படிப்பட்டவன் ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை. கடைசியாக இருந்த இடத்தில் மேலாளரின் கணினியை அவர் சாப்பிடப் போன நேரத்தில் 'கொஞ்சம் வேகப்படுத்தி' வைத்தான். அவர் திரும்பி வந்தபோது கணினி எழவே இல்லை, இவன் எழுந்து வெளியே போகவேண்டியதாயிற்று. அதன்பிறகு அண்ணிதான் தான் வேலை பார்க்கும் அச்சகத்தில் பேசி அவனைச் சேர்த்துவிட்டாள். அவள் அங்கே பிழை திருத்துபவள். அவள் பார்த்துவிட்ட பக்கத்தை இன்னொருவர் பார்க்க வேண்டியதில்லை என்பது அங்கே எழுதப்படாத சட்டம். "இவன் நோண்டுவான். ஆனா நோண்டுனத விட்டுட்டு ஓடமாட்டான்" என்று அவள் சொன்ன ஒரே சிபாரிசை முதலாளியம்மா ஏற்றுக்கொண்டார். அவருக்கு அண்ணியைவிட வயது குறைவு. அப்பாவிடமிருந்து வந்த அச்சகம், அப்பா காலத்து ஆள் அண்ணி.

வந்த சில மாதங்களில் நோண்டி அங்கிருந்த கணினிகளையெல்லாம் லினக்ஸ் என்ற சிஸ்டத்துக்கு மாற்றினான். மற்ற சிஸ்டங்களெல்லாம் மூடி ஒட்டிய டப்பா. இதில் எந்த மூலையையும் திறந்து கை விடலாம். அவனுக்கு வேறென்ன வேண்டும்? முதலாளியம்மா சம்மதித்தார், ஆனால் விரலை உயர்த்திச் சொல்லிவிட்டார். "வேலை நின்னுச்சுன்னா பழையபடி மாத்திடுவேன். அத வெளியிலேருந்து ஆள் வந்து பாத்துக்குவாங்க. அப்புறம் உங்களுக்கு இங்க வேலை இருக்காது தம்பி. இப்பவே சொல்லிட்டேன்."

அந்த எச்சரிக்கைக்குப் பிறகு, ஒவ்வொரு கணினியும் எழும்போது அவனும் கூடவே மூச்சைப் பிடித்து எழுவான்.

ஒரு நாள் சிஸ்டத்துக்கு அப்டேட் வந்தது. வந்ததைப் போடாமல் இருக்க அவனால் முடியுமா? போட்டான். மற்ற கணினிகள் ஒழுங்காக எழுந்தன. அண்ணியின் கணினி மட்டும் முகத்தை உப்ப வைத்துக்கொண்டு எழுந்தது. எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக, ஓரம் மங்கி, பக்கத்தின் பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. அந்தக் கணினியில், படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராஃபிக்ஸ் கார்டு பழையது. அதை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருளுக்கும் புதிதாக வந்து இறங்கிய சிஸ்டத்துக்கும் ஒத்துவரவில்லை. டிரைவர் இல்லாவிட்டால் கணினிக்குத் திரையின் உண்மையான அளவு தெரியாது. தனக்குத் தெரிந்த ஒரு சின்ன அளவை எடுத்துத் திரை முழுக்க இழுத்து விரித்துவிடும்.

"டிரைவர் கோளாறு அண்ணி" என்றான்.

"எங்க வீட்டு டிரைவரும் அப்படித்தான். நாம சொல்ற இடத்துக்கு வண்டி போகாது" என்றாள் அண்ணி. அவனுடைய அண்ணன் லாரி ஓட்டுபவன். மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பான்.

நோண்டி பழைய டிரைவரைக் கழற்றிப் புதியதைப் போட்டான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. திரை கறுத்தே போயிற்று. புதியதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டான். மறுபடி கறுப்பு. வேலை நிற்கக்கூடாதே என்று கடைசியில் ஒரு மாற்று வழி செய்து வைத்தான். கணினி எழும்போது கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். ஒன்றும் தொடாமல் இருந்தால் முதல் வரி தானாகப் போகும். அது வழக்கமான வழி. இரண்டாவது வரி, டிரைவரை எழுப்பாமல் கணினியை மட்டும் திறக்கிற ஆபத்துக்கால வழி.

"திரை கறுத்தா பதறாதீங்க அண்ணி. அணைச்சுப் போட்டுட்டு, கீழ் அம்பை ஒரு தட்டு, என்டரை ஒரு தட்டு. ரெண்டாவது வரி. படம் பெரிசா மங்கலாத்தான் தெரியும். ஆனா வேலை ஓடும்."

சில நாளில் ஒத்துவருகிற டிரைவர் கிடைத்தது. திரை தன் அளவுக்குத் திரும்பியது. எழுத்துகள் சின்னதாக, கூராக, வரிசை கலையாமல் நின்றன. அண்ணிக்கு அடுத்த மேசைக்காரர், எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுபவர். ஓரத்தில் ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் சண்டைக்கு வருவதால் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அவர் வந்து எட்டிப் பார்த்து, "இப்பதான்யா ஓரம் ஓரமா இருக்கு" என்று மெச்சினார்.

"பெரிசா நல்லாத்தான இருந்துச்சு. ஏன் தம்பி கெடுத்த?" என்றாள் அண்ணி.

எல்லோரும் சிரித்தார்கள். நோண்டியும் சிரித்தான். அந்த இரண்டாவது வரியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததோடு மறந்தும் போனான்.

ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு ஒரு காலையில் அண்ணியின் மேசையைத் தாண்டிப் போனவன் திரும்பி வந்தான். திரை மறுபடி உப்பியிருந்தது.

அவனுக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. எந்தக் கணினிக்கு என்ன வந்தாலும் முதலில் அணைத்துப் போடுவான். கேள்வி, விசாரணை எல்லாம் அதற்குப் பிறகுதான். பத்தில் ஒன்பது வியாதி அதிலேயே போய்விடும் என்பது அவன் கண்ட வைத்தியம். "கொஞ்சம் எழுந்திருங்க அண்ணி" என்று அவளை நகர்த்திவிட்டு அணைத்துப் போட்டான். கணினி சமர்த்தாக எழுந்தது. எழுத்துகள் சின்னதாக, கூராக நின்றன. "பாத்தீங்களா, அவ்வளவுதான்" என்றான். அண்ணி உட்கார்ந்து, நாற்காலியை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மறுபடி உப்பல். அணைத்துப் போட்டான், சரியாயிற்று. அதற்கடுத்த நாளும் அப்படியே. டாக்டரைக் கண்டதும் ஓடிப்போகிற காய்ச்சல் மாதிரி, அவன் கை வைத்ததும் கோளாறு மறைந்துவிடும். அவன் முதுகைத் திருப்பியதும் வந்து உட்காரும். தெரிந்த கோளாறென்றால் அவனுக்குக் கொண்டாட்டம். தெரியாத கோளாறு அவனைத் தின்றது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் விரலால் காற்றில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். பேருந்தில் இறங்கும் இடம் தாண்டிப் போனான். குளிக்கப் போனவன் பாதி சோப்போடு வெளியே வந்து காகிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பப் போனான்.

"அண்ணி என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அண்ணிக்கு என்ன தெரியும்? இது டிரைவர் விவகாரம்."

"அவங்கதான அதுக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க."

"உனக்குப் புரியாது விடு" என்றான். அவனுக்கே புரியவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த நேரத்தில்தான் தமிழாசிரியர் ஒருவர் அச்சகத்துக்குள் நுழைந்தார். கையில் அவருடைய விழா அழைப்பிதழ். அன்று காலைதான் கட்டாக வாங்கிப் போனது. முதலாளியம்மாவின் மேசையில் ஒன்றை எடுத்து மெதுவாக வைத்தார். மேலே பெரிய எழுத்தில் போட்டிருக்கிற அவருடைய பெயரில் தப்பில்லை. அதன் கீழே சின்ன எழுத்தில், 'பனி நிறைவு விழா' என்றிருந்தது.

"காலமெல்லாம் பிள்ளைங்களுக்கு ரெண்டு சுழி எது, மூணு சுழி எதுன்னு சொல்லிக் குடுத்தவன்மா நான்" என்றார் அவர். "கடைசியில என் பணிக்கே ஒரு சுழி குறைஞ்சு போச்சு. நான் ஓய்வு பெறுறேனா, இல்ல உருகி முடிச்சுட்டேனா?"

மில்லிமீட்டருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அண்ணியின் கண்ணுக்குத் தப்பி ஒரு சுழி போனது அந்த அச்சகத்தில் அதுவரை நடக்காத காரியம். முதலாளியம்மா எல்லாவற்றையும் மறுபடி அடித்துத் தருவதாகச் சொல்லி ஆசிரியரை அனுப்பிவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார்.

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஸ்கிரீன் சரியில்லம்மா. ஒரு நேரம் பெரிசா இருக்கு, ஒரு நேரம் சிறுசா இருக்கு. கண்ணுக்குப் பிடிபடல."

முதலாளியம்மா நோண்டியைப் பார்த்தார். "அடுத்த வாரம் பாடநூல் வருது. பிள்ளைங்க படிக்கிறது, அதுல இப்படி ஒண்ணு போச்சுன்னா நான் கடையை மூடிட்டுப் போகவேண்டியதுதான். அதுக்குள்ள அந்த ஸ்கிரீன் சரியாகணும். ஆகலேன்னா நான் முதல்லயே சொன்னதுதான்."

அவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். அண்ணி காட்டிக்கொடுத்துவிட்டாளே என்ற கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தவளே நாற்காலியை உருவலாமா? அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை.

அந்த வாரம் அவன் பட்ட பாட்டை நாய்கூடப் பட்டிருக்காது. கேபிளை மாற்றினான். மில்லிமீட்டரின் திரையை அண்ணிக்கும் அண்ணியின் திரையை மில்லிமீட்டருக்கும் மாற்றினான். அவர் தன்னுடைய ஓரம் போய்விட்டதென்று அரைநாள் புலம்பினார். கார்டை வெளியே எடுத்து, அதன் செம்புக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினான். திரையின் அளவை ஒரு கோப்பில் ஆணியடித்த மாதிரி எழுதி வைத்தான். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அணைத்துப் போட்டுப் பார்ப்பான், சரியாக இருக்கும். காலையில் அவன் மற்ற கணினிகளை முடித்துவிட்டு அண்ணியின் பக்கம் வரும்போது உப்பியிருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். டிரைவரில் தேடினான், கார்டில் தேடினான், கம்பியில் தேடினான்.

பாடநூல் வரும் நாளும் வந்தது. மிச்சமிருந்தது மின்சாரம் ஒன்றுதான். அண்ணியின் கணினிக்குப் போகும் பிளக்கில் எங்காவது தளர்வு இருக்கலாம். கூட்டுகிற ஆள் கதவைத் திறந்ததுமே உள்ளே போய், மில்லிமீட்டரின் மேசைக்கடியில் படுத்துக்கொண்டு ஒயரைப் பின்தொடர்ந்தான். தூசி மூக்கில் ஏறியது. அப்போது அண்ணி வந்தாள்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. பையை வைத்துவிட்டுக் கணினியைப் போட்டாள். பிறகு செய்ததுதான் விசித்திரம். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில், மூக்கு அதில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனாள். வலது கை விசைப்பலகையின் ஓரத்தைத் தடவி, மூலையிலிருந்து ஒவ்வொரு விசையாக எண்ணிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. கீழ் அம்பை ஒரு தட்டு. என்டரை ஒரு தட்டு. திரை உப்பிக்கொண்டு எழுந்தது. அண்ணி பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

நோண்டி எழுந்தான். மேசை அவன் தலையில் இடித்தது.

"அடப்பாவி" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் அண்ணி. "அங்க என்ன பண்ற? எலி மாதிரி."

"ரெண்டாவது வரி" என்றான் அவன். "நீங்களா அண்ணி? இத்தனை நாளா நீங்களேவா?"

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் பைத்தியக்காரன் மாதிரி கம்பியப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கேன். தூங்கல, திங்கல. நீங்க பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க. ஸ்கிரீன் சரியில்லன்னு அந்தம்மா முன்னாடி நின்னு சொன்னீங்க. என் வேலை போயிருக்குமே அண்ணி. இன்னைக்கே போயிருக்கும்."

"போயிருக்கும்" என்றாள் அண்ணி. "தெரிஞ்சுதான் சொன்னேன். அன்னைக்கு வீட்டுக்குப் போயி அழுதேன். உனக்கு இந்த வேலை போனா எங்கயாவது இன்னொண்ணு கிடைக்கும் தம்பி. எனக்குக் கண்ணு தெரியலன்னு வெளிய தெரிஞ்சா நான் எங்க போவேன்?"

அவனுக்குக் கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. பெரிய எழுத்தென்றால் மங்கலாக இருந்தாலும் சுழியை எண்ணிவிட முடிகிறது என்றாள். அவன் வந்து அணைத்துப் போட்டுவிட்டுப் போனதும் எழுத்தெல்லாம் எறும்பாகிவிடும். அவன் எதிரில் மறுபடி மாற்ற முடியாது. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அந்த ஆசிரியரின் பணி பனியாகப் போனது. அண்ணனுக்கு இது தெரியாது; தெரிந்தால் லாரியை நடுவழியில் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான்.

"இதுக்கா இவ்வளவு?" என்றான் நோண்டி. தெரிந்த கோளாறு கிடைத்துவிட்டது, கை பரபரத்தது. அணைத்துப் போட்டு, முதல் வரியில் விட்டு, அமைப்புகளைத் திறந்து ஓரிடத்தில் மாற்றினான். திரையின் அளவு அதன் உண்மையான அளவு. எழுத்து மட்டும் இரண்டு மடங்கு. மங்கலும் இல்லை, வழிசலும் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாகத் தெளிவாக நின்றன எழுத்துகள்.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது இப்ப புதுசா வந்ததா?"

"இல்ல அண்ணி. ஆரம்பத்துலேருந்தே இதுல இருக்கு. நீங்க கேக்கவே இல்லியே."

"நீ கேட்டியா தம்பி? வருவே, எழுந்திருன்னுவே, அணைச்சுப் போட்டுட்டுப் போயிடுவே. ஒரு நாளாவது, அண்ணி உங்களுக்கு என்ன தெரியுதுன்னு கேட்டியா?"

பேச்சை மாற்றுவதற்காக, மறுபடி அடித்த ஆசிரியரின் அழைப்பிதழைத் திரையில் திறந்தான். "படிங்க பாக்கலாம்."

"நிறைவு விழா அழைப்பிதழ்" என்று படித்தாள்.

"முதல்லேருந்து அண்ணி."

"முதல்லேருந்துதான் படிச்சேன்."

அவன் விரலைத் திரையில் வைத்தான். அவள் தலையை இடப்பக்கமாகத் திருப்பி, இன்னும் கொஞ்சம் திருப்பி, அதன் பிறகே அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தாள். "பணி" என்றாள் மெதுவாக. "இங்கயா இருந்துச்சு?"

அவ்வளவு பெரிய எழுத்து அது. நோண்டியின் கை அப்படியே நின்றது. இது அளவு விவகாரம் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது, பயம் வந்தது.

"கிளம்புங்க, டாக்டரப் பாப்போம்."

"பாடநூல் வருதே."

"வரட்டும்."

கண் மருத்துவமனையின் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாக ஒன்றோடொன்று பூட்டியிருந்தார்கள். அவன் கால் ஆடியதில் வரிசையே ஆடியது. கண்ணில் மருந்து விட்டு மூடி உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் நிலம் நடுங்குகிறதோ என்று திறந்து பார்த்தார்கள். அண்ணி அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். கால் கொஞ்ச நேரம் அடங்கியது, மறுபடி தொடங்கியது. உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார், ஒரு கருவிக்குள் தலையை வைக்கச் சொல்லி வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார். அண்ணி பல புள்ளிகளுக்குப் பொத்தானை அழுத்தவே இல்லை. அவை வந்ததே அவளுக்குத் தெரியாது.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. வலி இருக்காது, அதனால் யாரும் உடனே வருவதில்லை என்றும் சொன்னார்.

"எங்க வீட்டுல ஒரு வைத்தியம் இருக்கு டாக்டர்" என்றாள் அண்ணி. "எதுவானாலும் அணைச்சுப் போட்டா சரியாயிடும். இதுக்கு அது ஆகாதா?"

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. "போனது திரும்ப வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தலாம். இந்தச் சொட்டு மருந்த ஒரு நாள்கூட விடக்கூடாது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

கொஞ்சம் முன்னாடி. அந்தக் கொஞ்சத்தை அவன் ரப்பர் வைத்துக் கார்டைத் தேய்ப்பதில் கழித்திருந்தான். தெருவுக்கு வந்ததும் அழுதான். ஆட்கள் போகிற நடைபாதையில், மருந்துக்கடை வாசலில் நின்று, வெட்கப்படாமல் அழுதான்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு ஒரு பழமொழி" என்றாள் அண்ணி. மருந்து விட்ட கண் கூச, முந்தானையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். "எத்தனை புத்தகத்துல எத்தனை தடவ திருத்தியிருப்பேன். என்னைப் பத்தித்தான் எழுதியிருக்காங்கன்னு தெரியாமப் போச்சு. அழாத. மூக்கத் துடை."

"கோளாறு என்னோடதுதான்னு அந்தம்மாகிட்ட சொல்லிடறேன் அண்ணி. டிரைவர் தப்பு, இப்ப சரி பண்ணிட்டேன்னு. உங்க விஷயம் வெளிய வரவேண்டாம்."

"ஒரு பொய்க்கே இந்தக் கதி. இன்னொண்ணா?" என்று சொல்லிவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அச்சகத்தில் பாடநூல் கட்டாக வந்து இறங்கியிருந்தது. அண்ணி நேராக முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். நோண்டி பின்னாலேயே போய்க் கதவருகில் நின்று கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஸ்கிரீன்ல தப்பில்லம்மா. என் கண்ணுல தப்பு. நான்தான் மாத்தி மாத்தி வச்சேன். இவன்மேல பழியப் போட்டேன்" என்றாள் அண்ணி.

முதலாளியம்மா அவளை உட்காரச் சொன்னார். பிறகு, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா" என்றார். குரலில் கோபம் இருந்தது, வருத்தமும் இருந்தது. "சரி, பாடநூல யார் பாக்கறது? அதச் சொல்லுங்க."

"நான்தான். இவன் வாய்விட்டுப் படிக்கட்டும். சுழி, புள்ளி, கால், கொம்பு, ஒண்ணு விடாமச் சொல்லிப் படிக்கட்டும். நான் கேக்கறேன். பிழை எங்க ஒளியும்னு எனக்குத் தெரியும். கண்ணு இவன்கிட்ட இருக்கு."

"இவரா? ஒரு இடத்துல உக்காருவாரா?"

"உக்காருவான்" என்றாள் அண்ணி.

முதலாளியம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு பிழை போனாலும் ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போங்க" என்றார்.

உட்கார்ந்தான். வாழ்க்கையில் அவன் செய்த மிகக் கடினமான வேலை அதுதான். ஜன்னல் ஓரத்தில் இரண்டு நாற்காலி. "பள்ளி, பெரிய ள. மலை, சின்ன ல. மழை, ழகரம்." ஒரு பக்கம் முடிவதற்குள் எழுந்து ஓடிவிடலாம் என்றிருக்கும். கால் ஆடும், ஆடினால் குரல் ஆடும், குரல் ஆடினால் அண்ணி "திரும்பப் படி" என்பாள். அவசரத்தில் அவன் கண் தாண்டிப்போன ஒற்றுகளை அவள் காது பிடித்தது. "அங்க ஒரு 'க்' இருக்கணுமே, இருக்கா பாரு" என்பாள். இருக்காது. வெளியிலும் வாய் நிற்கவில்லை. கடைப் பலகைகளை மூணு சுழி, ரெண்டு சுழி என்று உரக்கப் படித்துக்கொண்டு நடந்தான். மனைவி பத்தடி முன்னால் போய் யாரோ மாதிரி நடந்தாள். அண்ணனுக்கும் சொன்னார்கள். அவன் லாரியை நிறுத்திவிட்டு வந்து, அண்ணி பயந்தது போலவே பக்கத்தில் உட்கார்ந்தான். அவள்தான் திட்டி வண்டிக்கு அனுப்பினாள். வீட்டிலிருக்கும் நாளில் சொட்டு மருந்து அவன் பொறுப்பு.

பாடநூல் பிழையில்லாமல் போயிற்று. அடுத்த வகுப்புக்கானதும் வந்தது. லினக்ஸைப் பற்றி முதலாளியம்மா பிறகு பேசவே இல்லை. நோண்டி அந்த இரண்டாவது வரியை எடுத்துவிட்டான். அணைத்துப் போடும் பழக்கம் முழுதாக விடவில்லை, ஆனால் இப்போது யார் கூப்பிட்டாலும் முதலில் அவர்களுடைய நாற்காலியில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன தெரியுது, சொல்லுங்க" என்று கேட்கிறான். மில்லிமீட்டர் இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அரைநாள் ஆகிறது.

ஒரு காலையில் இருவரும் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். மூன்றாம் பாடம். "பனிக்காலம்" என்று தலைப்பைப் படித்தான். "ரெண்டு சுழி."

"சரி" என்றாள் அண்ணி. பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "தம்பி, வெளிய பனி இறங்கியிருக்கா, இல்ல என் கண்ணா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். எதிர்வீட்டுச் சுவரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்த சட்டைகளின் பொத்தான்கள்கூடத் தெரிந்தன. ஆமாம் என்று சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"உங்க கண்ணுதான் அண்ணி."

அவள் தலையை ஆட்டினாள். கை அவன் முழங்காலைத் தேடி வந்தது. கால் ஆடவில்லை, ஆனாலும் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் டாக்டரப் போய்ப் பாப்போம்" என்றாள். "இப்ப நீ மேல படி."

அவன் படித்தான்.